மாஸ்டரிடம் கேளுங்கள்: வாங்கில் இருப்பவர்கள்

கிண்ணியா வாசகர்: இங்கிலாந்தின் பிரீமியர் லீக் உதைபந்தாட்டங்களில் தலைமைப் பயிற்றுநருக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் டெப்பும் கையுமாக இருக்கிறார்கள். இவர்களெல்லாம் பெரிய வீரர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்களா? ஒருவரைக்கூட எனக்கு அடையாளம் தெரியவில்லையே?

தெரியாததில் ஆச்சரியமில்லை தம்பி. பாதிப்பேர் தொலைக்காட்சியில் வரும் அளவுக்கு ஆடியதே கிடையாது. லிவர்பூல் கழகத்தில் யூர்கன் க்ளொப் தலைமைப் பயிற்றுநராக இருந்த காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய வாங்கைப் பார்த்தாலே எத்தனை வழியாக ஆட்கள் வந்து சேர்கிறார்கள் என்று விளங்கிவிடும்.

செல்கோ புவாச், ஜெர்மனியின் மைன்ஸ் கழகத்தில் க்ளொப்போடு ஒன்றாக ஆடியவர். அணியின் மூளை என்றுதான் க்ளொப் அவரைச் சொல்வார். பீட்டர் க்ராவீட்ஸ் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானம் படித்தவர். ஆட்டங்களின் வீடியோவை வெட்டி ஒட்டி, எதிரணி எங்கே ஓட்டை விடுகிறது என்று காட்டுவதுதான் அவர் கழகத்துக்குள் நுழைந்த வாசல். அவருக்குக் கண் என்று பட்டம். பெப் லெயின்டர்ஸ் முழங்கால் காயத்தால் இளவயதிலேயே ஆட்டத்தை விட்டவர். நெதர்லாந்தின் பி.எஸ்.வி., போர்த்துக்கலின் போர்ட்டோ ஆகிய கழகங்களில் சின்னப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு 2014இல் லிவர்பூலின் 16 வயதுக்குட்பட்ட அணிக்கு வந்தார். அங்கிருந்து படிப்படியாக ஏறி க்ளொப்பின் வலக்கையானார்.

இவர்களுக்கெல்லாம் மேல் ஓர் ஆள் உண்டு. 2018இல் க்ளொப் டென்மார்க்கிலிருந்து தோமஸ் க்ரொன்னமார்க் என்பவரைப் பிடித்து வந்தார். ஆள் முன்னாள் குறுந்தூர ஓட்ட வீரர். பனிக்கட்டித் தடத்தில் சறுக்கும் வண்டிப் போட்டியிலும் இருந்தவர். அவருக்கு ஒரே வேலைதான்: பந்து வெளியே போனால் கையால் எறிந்து உள்ளே போடுகிறோமே, அதைச் சொல்லிக்கொடுப்பது. 51 மீற்றருக்கு மேல் எறிந்து உலக சாதனை வைத்தவர். அப்போது இங்கிலாந்தில் சிரித்தவர்கள் பலர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓர் ஆட்டத்தில் எத்தனை தடவை பந்து வெளியே போகிறது என்று நம்மூர் மைதானக் கரையில் நின்று எண்ணிப் பாருங்கள்.

ஆர்சனல் கழகத்தில் மூலை உதைகளுக்கும் ஃப்ரீ கிக்குகளுக்கும் பொறுப்பாக இருக்கும் நிக்கொலாஸ் ஜோவரும் அப்படித்தான். பிரான்சின் மொன்பெலியே கழகத்தில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தவர், அப்புறம் பிரென்ட்ஃபோர்ட், பிறகு மான்செஸ்டர் சிட்டி. சிட்டியில் அப்போது தலைமைப் பயிற்றுநர் குவார்டியோலாவுக்கு உதவியாளராக இருந்தவர் மிக்கெல் ஆர்டெட்டா. ஆர்டெட்டா ஆர்சனலுக்குத் தலைமை ஏற்றபின், 2021இல் ஜோவரையும் அழைத்துக்கொண்டார். மூலை உதை எடுக்கும்போதெல்லாம் கோட்டுக்கு ஓடிவந்து கைகாட்டும் ஆள் அவர்தான். அடுத்த முறை கவனியுங்கள்.

உவர்மலை வாசகி: என் மகனுக்கு 19 வயது. முழங்கால் சவ்வு கிழிந்து ஒபரேசன் ஆகிவிட்டது. இனி ஆட முடியாது, பயிற்றுநராக வருகிறேன் என்கிறான். பெரிய இடத்தில் ஆடாதவன் சொல்வதை எந்த வீரன் கேட்பான் என்று அவனுடைய அப்பா ஏசுகிறார். என்ன செய்யலாம்?

போர்த்துக்கலின் பெரிய பயிற்றுநர் மொரீன்யோ எந்த உலகக் கிண்ணத்தில் ஆடினார் என்று முதலில் அவருடைய அப்பாவிடம் கேளுங்கள் அம்மா. அவரும் எங்கள் ஆள்தான். லிஸ்பனில் உடற்கல்வி படித்து, பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். 1992இல் ஸ்போர்ட்டிங் கழகத்துக்கு இங்கிலாந்துக்காரர் பொபி ரொப்சன் பயிற்றுநராக வந்தபோது அவருக்கு மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தார். ரொப்சன் போர்ட்டோ போனபோதும், 1996இல் பார்சலோனா போனபோதும் கூடவே போனார். சொன்னதை மாற்றிச் சொல்வதோடு நிற்காமல் எதிரணியைப் பற்றிக் குறிப்பு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். ரொப்சனுக்குப் பின் வந்த வான் ஹாலும் அவரைப் போகவிடவில்லை. பிறகு மொரீன்யோ தானே தலைமைப் பயிற்றுநராகி, 2004இல் போர்ட்டோவுக்கு ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக் கிண்ணத்தை வாங்கிக்கொடுத்தார்.

அலெக்ஸ் ஃபெர்குசனுக்கு மான்செஸ்டர் யுனைடெட்டில் உதவியாளராக இருந்த கார்லோஸ் கெய்ரோஸும் வீரராகப் பேர் எடுத்தவர் இல்லை. மொசாம்பிக்கில் பிறந்தவர். 1989இலும் 1991இலும் போர்த்துக்கலின் இளையோர் அணிக்கு உலகக் கிண்ணம் வென்று கொடுத்தவர். ஃபெர்குசன் அவரை எடுத்தது அந்த அறிவுக்காகத்தான்.

அவ்வளவு தூரம் போவானேன்? நான் இங்கே ஒரு பள்ளிக்கூட அணியைப் பார்த்த காலத்தில் எனக்கு உதவியாக இருந்தவர் ஆய்வுகூட உதவியாளர். பந்தை நேராக உதைக்க வராது அந்த மனிதருக்கு. ஆனால் ஒரு சி.ஆர். கொப்பி வைத்திருந்தார். எதிரணிப் பையன்களின் சட்டை இலக்கம், அதற்குப் பக்கத்தில் எந்தக் கால், எத்தனையாவது நிமிடத்தில் மூச்சு வாங்கத் தொடங்குகிறான், பெனால்டி அடிக்குமுன் எந்தப் பக்கம் பார்க்கிறான். இடதுகாலன் என்றால் சிவப்புப் பேனாவில் ஒரு வட்டம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஏகாம்பரம் மைதானத்தில் ஆட்டம் என்றால், நாணயம் சுண்டுமுன் கப்டனைக் கூப்பிட்டு, “முதல் பாதியில் காற்றோடு ஆடு, அஞ்சரைக்குப் பிறகு காற்று விழுந்துவிடும், மற்றவனுக்கு அது உதவாது” என்பார். பையன்கள் எனக்குத் தலையாட்டுவார்கள், அவரிடம் போய்த்தான் கேட்டு வருவார்கள்.

மகன் செய்ய வேண்டியது இதுதான். ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் பயிற்றுநர் உரிமங்கள் சி, பி, ஏ, ப்ரோ என்று படிகளாக இருக்கின்றன. சி-யிலிருந்து தொடங்க வேண்டும், தாண்டிக் குதிக்க விடமாட்டார்கள். பயிற்சிநெறி எப்போது நடக்கிறது என்று லீக் அலுவலகத்தில் பெயரைக் கொடுத்து விசாரித்துக்கொண்டே இருக்கட்டும். அதுவரை சும்மா இருக்காமல் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் சின்ன வயது அணி ஒன்றைப் பிடிக்கட்டும். கையில் போன் இருக்குமே, உள்ளூர் ஆட்டம் ஒன்றை முழுதாகப் படம் பிடித்து, பந்து பறிபோன இடங்களை மட்டும் வெட்டி எடுத்து ஒரு பயிற்றுநரிடம் காட்டட்டும். ஆங்கிலம் ஓரளவு வேண்டும், படிக்கக் கிடைப்பதில் பெரும்பகுதி அதில்தான். முழங்காலுக்கான உடற்பயிற்சியை விடவேண்டாம் என்றும் சொல்லுங்கள். கரையில் நிற்பவனுக்கும் நல்ல முழங்கால் வேண்டும்.

மூதூர் ஆசிரியர்: நல்ல உதவியாளர் நல்ல தலைமைப் பயிற்றுநராகவும் வருவாரா?

சொல்ல முடியாது. 1999இல் இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே முடிவு கட்டுங்கள். பிரையன் கிட் மான்செஸ்டர்காரர். 1968 ஐரோப்பிய கிண்ண இறுதியாட்டத்தில், தன்னுடைய 19ஆவது பிறந்த நாளன்று, மான்செஸ்டர் யுனைடெட்டுக்காகக் கோல் அடித்தவர். பிறகு ஃபெர்குசனுக்கு ஏழு வருடம் உதவியாளர். 1998 டிசம்பரில், இனித் தனியாக நிற்பேன் என்று பிளாக்பர்ன் கழகத்துக்குத் தலைமை ஏற்கப் போனார். அவருடைய கதிரைக்கு டார்பி கழகத்திலிருந்து ஸ்டீவ் மக்ளாரன் வந்தார். மக்ளாரன் வந்த முதல் ஆட்டத்தில் யுனைடெட் நொட்டிங்ஹம் ஃபொரெஸ்டை 8-1 என்று விளாசியது. மாற்று வீரராக இறங்கிய சொல்ஷியார் மட்டும் நாலு கோல்.

மே மாதம் யுனைடெட் பிளாக்பர்னுக்கு ஆடப் போகிறது. ஆட்டம் 0-0. அந்தச் சமநிலையோடு பிளாக்பர்ன் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. குருநாதரின் அணியே வந்து இறக்கிவிட்டுப் போனது. அதே மாதக் கடைசிக்குள் லீக், எஃப்.ஏ. கிண்ணம், ஐரோப்பிய கிண்ணம் மூன்றும் யுனைடெட்டுக்கு. பக்கத்தில் இருந்தவர் மக்ளாரன். சரி, மக்ளாரனாவது தப்பினாரா? 2006இல் இங்கிலாந்து அணியின் தலைமை கிடைத்தது, ஐரோப்பிய நாடுகளின் போட்டியான யூரோ 2008க்கு அணி தகுதி பெறாமல் வேலை போனது. கிட் மறுபடி உதவியாளராகி, மான்செஸ்டர் சிட்டியில் 2009 முதல் 2021 வரை மூன்று தலைமைப் பயிற்றுநர்களுக்குக் கீழே வேலை பார்த்தார். தன் இடம் எது என்று கண்டுகொண்ட மனிதர் என்றே நான் நினைக்கிறேன்.

மறுபக்கமும் உண்டு. ஜெர்மனியின் ஜோக்கிம் லோவ் 2006 உலகக் கிண்ணத்தில் கிளின்ஸ்மனின் உதவியாளர், 2014இல் உலகச் சம்பியன் அணியின் தலைமைப் பயிற்றுநர். அந்த 2014இல் லோவுக்குப் பக்கத்தில் இருந்த ஹன்ஸி ஃபிளிக் 2020இல் பயர்ன் மியூனிக்கோடு மூன்று கிண்ணம் எடுத்தார். ஆர்ஜென்டீனாவின் ஸ்கலோனி 2018இல் நாட்டு அணியில் சம்பாவோலியின் உதவியாளர். எந்தக் கழகத்துக்கும் தலைமை தாங்காதவர், தற்காலிகமாக என்றுதான் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர் தனக்கு உதவியாகச் சேர்த்துக்கொண்டது பாப்லோ ஐமார், வோல்டர் சாமுவேல், ரொபேர்ட்டோ அயாலா. மூவரும் நாட்டுக்கு ஆடிய பெரிய பெயர்கள். மெஸ்ஸி சின்ன வயதில் அண்ணாந்து பார்த்த வீரர் ஐமார். அந்த உடைமாற்றும் அறைக்கு அப்படிப்பட்டவர்கள் தேவைப்பட்டார்கள், 2022 உலகக் கிண்ணம் கிடைத்தது.

நிலாவெளிப் பாடசாலை மாணவர்: நான் கோல் காப்பாளர். எங்களுக்கென்று தனிப் பயிற்றுநர் எதற்கு?

2014 உலகக் கிண்ணக் காலிறுதி, நெதர்லாந்தும் கொஸ்தாரிக்காவும். 120ஆவது நிமிடத்தில் நெதர்லாந்தின் பயிற்றுநர் வான் ஹால் கோல் காப்பாளரை மாற்றி, பெனால்டி உதைகளுக்கென்றே டிம் க்ருலை இறக்கினார். க்ருல் இரண்டு பெனால்டியைத் தடுத்தார். கொஸ்தாரிக்கா வீரர்கள் எந்தப் பக்கம் அடிப்பார்கள் என்று படித்து வைத்திருந்தவர் கோல் காப்பாளர் பயிற்றுநர் ஃபிரான்ஸ் ஹூக், தானும் வொலன்டாம் கழகத்தில் கோல் காத்தவர். அரையிறுதியில் ஆர்ஜென்டீனாவோடு மாற்று வீரர்கள் முடிந்துபோய் க்ருலை இறக்க வழியில்லை, பெனால்டியில் தோற்றார்கள். பயிற்றுநர் இல்லாவிட்டால் நீயே ஒரு கொப்பி போடு.

பாலையூற்று வாசகர்: கரையில் நின்று கத்தும் உதவிப் பயிற்றுநருக்கு மத்தியஸ்தர் அட்டை காட்டலாமா?

காட்டலாம். 2019இல் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள், மஞ்சளும் உண்டு சிவப்பும் உண்டு. கத்தியது யார் என்று மத்தியஸ்தருக்குத் தெரியாவிட்டால், அங்கே நிற்பவர்களில் மூத்த பயிற்றுநருக்கு அட்டை. சில தலைமைப் பயிற்றுநர்கள் தங்கள் உதவியாளரின் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுப்பதைப் பார்த்திருப்பீர்களே, காரணம் இதுதான்.