இரண்டு வருடமாக இடுப்பு வலி, மூன்று எலும்பு டாக்டர் பார்த்தாச்சு. நாகர்கோவில் பக்கம் இனி யாரைப் பார்க்கலாம்?

டாக்டர் பெயர் கேட்டிருக்கிறீர்கள். அதைவிட என் அண்ணன் கதை உங்களுக்கு உதவும்.

அண்ணனுக்குக் குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு. விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவான். 29 வயதில் இடுப்பு வலி தொடங்கியது. குனிந்து குனிந்து வெட்டினால் வலிக்காதா என்றோம். எலும்பு டாக்டரும் அதையேதான் சொன்னார். எம்ஆர்ஐயில் டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருந்தது. (வலியே இல்லாத பலருக்கும் அப்படி இருக்குமாம், அப்போது தெரியாது.) வர்ம ஆசான் எண்ணெய் போட்டுத் தடவினார், நாலு நாள் சுகம். அப்புறம் ஐந்து வருடம் மெடிக்கலில் கேட்டு வாங்கின மாத்திரைதான்.

ஒருநாள் காய்ச்சலுக்குப் போன இடத்தில் அம்மா பொது டாக்டரிடம் சும்மா சொன்னாள்: "மழைக்கு வெட்டு இல்லாம வீட்டுல கெடந்தாத்தான் சார் இவனுக்கு வலி கூடுதலு."

காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு இருக்கும் என்று அவர் கேட்டார். அண்ணனுக்கு மணிக்கணக்கு தெரியவில்லை. "அம்பது மரம் வெட்டணும் சார், பொறவுதான் முதுவு நிமிரும்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மூட்டுவாத நிபுணரிடம், அதாவது ருமட்டாலஜிஸ்டிடம் அனுப்பினார். திருவனந்தபுரம் போனோம். அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முதுகெலும்பு மூட்டுகளை வீங்க வைக்கும் நோய். பெரும்பாலும் 45 வயதுக்குள் தொடங்கும். படுத்தால் கூடும், நடமாடினால் குறையும். இதற்கும் முதல் மருந்து வலி மாத்திரைதான், ஆனால் அளவு சொல்லி, கிட்னியையும் வயிற்றையும் கவனித்துக் கொடுப்பார்கள். கூடவே தினமும் உடற்பயிற்சி. இப்போது பத்து மரத்திலேயே நிமிர்ந்துவிடுகிறான்.

அதனால் வலி எப்போது கூடுகிறது, எதில் குறைகிறது என்று இரண்டு வாரம் எழுதிவையுங்கள். அண்ணனைப்போல் படுத்தால் கூடி, நடமாடினால் குறைந்தால் மூட்டுவாத நிபுணர். காலில் எரிச்சல், கரண்ட் அடித்ததுபோல் இழுப்பு என்றால் நரம்பு டாக்டர். ஆபரேஷன் தேவையில்லை என்று டாக்டர் சொல்லி, மூன்று மாதத்துக்கு மேல் வலி நீடித்தால் வலி சிகிச்சை நிபுணர்; பெரும்பாலும் மயக்க மருந்து டாக்டர்கள்தான் மேற்கொண்டு பயிற்சி எடுத்து இதைப் பார்க்கிறார்கள். எங்கே தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால், ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவம் ஓபியில் சீட்டு எடுத்து அந்த நோட்டைக் காட்டுங்கள்.

சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் துவண்டாலோ, நோட்டெல்லாம் வேண்டாம். அன்றைக்கே காஷுவாலிட்டிக்குப் போய்விடுங்கள், ராத்திரியானாலும்.