மாலி நண்பரின் ஊர்ச் சங்கத்துக்குப் பணம் தரலாமா?

கேள்வி: பாரிசில் ஓர் உணவகத்தில் வேலை செய்கிறேன். உடன் வேலை செய்பவர் மாலி நாட்டின் கேய்ஸ் பகுதிக்காரர். அவருடைய ஊர்க்காரர்கள் இங்கே சங்கம் வைத்து, ஊரில் ஒரு மருத்துவ நிலையம் கட்டப் பணம் திரட்டுகிறார்கள். என்னையும் கேட்கிறார். இப்படிப் போகும் பணத்தால் அந்த ஊர் உண்மையிலேயே முன்னேறுமா?

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் கட்டடம் எழும்பிய பிறகு அதை யார் நடத்துவார்கள் என்று முதலில் கேளுங்கள்.

கேய்ஸ் பகுதியின் சோனின்கே மக்கள் 1960-களிலிருந்தே பெருவாரியாகப் பிரான்சுக்கு வந்து உழைக்கிறார்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் ஊரில் அடுப்பெரிவது பெரும்பாலும் இவர்கள் அனுப்பும் பணத்தால்தான். அரசு தராத காப்பீடு அது. அந்தப் பணம் வரும் குடும்பங்கள் வயலில் காட்டும் அக்கறை குறைகிறது என்று 2000-களில் ஓர் ஆய்வு சொன்னது. எனக்கு அதைச் சோம்பல் என்று சொல்ல மனம் வராது. உழைக்கிற வயதுப் பிள்ளைகள் பாரிசை ஒட்டிய மோந்த்ரேயில் இருந்தால் வயலில் இறங்க யார் மிச்சம்?

சங்கப் பணத்தின் கதை வேறு. பள்ளி, கிணறு, மருத்துவ நிலையம் என்று அந்தப் பகுதியில் நிறையக் கட்டியிருக்கிறார்கள். சில திட்டங்களில் பிரான்ஸ் அரசும் பங்கு போட்டது. சிக்கல் வருவது திறப்பு விழாவுக்குப் பிறகுதான். செவிலியர் சம்பளமும் மருந்துச் செலவும் மாதா மாதம் வந்து நிற்கும். மாலியில் சமூக மருத்துவ நிலையங்களை ஊர் மக்களின் சுகாதாரச் சங்கமே நடத்துகிறது. நோயாளிக் கட்டணமும் மருந்து விற்பனையும்தான் முக்கிய வருமானம். ஆகவே உள்ளூரில் அந்தச் சங்கம் பதிவாகிவிட்டதா, நகராட்சியோடு ஒப்பந்தம் உண்டா, அரசின் சுகாதாரத் திட்டத்தில் இந்த இடம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று நண்பரிடம் விசாரியுங்கள். பக்கத்தில் ஏற்கெனவே ஒரு நிலையம் இருந்தால் இரண்டுமே தடுமாறும்.

அப்புறம், அனுப்பும் செலவு. சஹாராவுக்குத் தெற்கே பணம் அனுப்ப உலகிலேயே அதிகக் கட்டணம், சராசரியாக 8 சதவீதம் அளவுக்கு. 2030-க்குள் இதை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது ஐ.நா. இலக்கு. மாலியின் நாணயமான சி.எஃப்.ஏ. பிராங்க் யூரோவோடு நிலையாகக் கட்டப்பட்டது (1 யூரோவுக்கு 655.957), அதனால் மாற்று விகிதத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது சுலபம். ஆளுக்கு ஆள் தனியாக அனுப்பாமல் சங்கக் கணக்கில் சேர்த்து, ஒரே தொகையாக அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் பங்குக்கு ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள்; கணக்கு ஒழுங்காக வைத்திருக்கும் சங்கம் அதற்குக் கோபித்துக்கொள்ளாது.