இரண்டு மணி நேரத்தில் பீங்கான் கேப்: நாற்காலியில் உட்காரும் முன் சில கேள்விகள்

கேள்வி: கீழ்க் கடைவாய்ப் பல்லின் உட்பக்கச் சுவர் உடைந்துவிட்டது. "லேபுக்கு அனுப்ப வேண்டாம், இங்கேயே மெஷினில் கடைந்து இன்றே ஒட்டிவிடலாம்" என்கிறார் டாக்டர். ஒரு வாரம் கழித்து வரும் கேப் அளவுக்கு இது உழைக்குமா? அவசர வேலை அரைகுறையாகிவிடாதா?

பதில்: ஒழுங்காகச் செய்தால் உழைக்கும். லேப் என்றதும் யாரோ உட்கார்ந்து கையால் செதுக்குவதாக நினைக்க வேண்டாம். அங்கேயும் இன்று பெரும்பாலும் மெஷின்தான் கடைகிறது. முறையும் புதிதல்ல. சூரிச் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவர் வெர்னர் மோர்மனும் பொறியாளர் மார்க்கோ பிராண்டெஸ்டினியும் உருவாக்கிய செரெக் கருவியில், 1985-லேயே ஒரே அமர்வில் பீங்கான் அடைப்பு வைத்தாயிற்று.

வேலை நடக்கும் விதம் இது. மரத்துப்போக ஊசி போட்டு, சொத்தையையும் பழைய அடைப்பையும் எடுத்துப் பல்லைச் சீவுவார்கள். பேனா போன்ற கேமராவால் அந்தப் பல்லையும் எதிர்ப் பல்லையும் கடித்த நிலையையும் ஸ்கேன் செய்து, திரையில் வடிவத்தை முடிவு செய்வார்கள். பிறகு விரல் நுனி அளவுள்ள செராமிக் கட்டியை, தண்ணீர் பீச்சியபடி வைர ஊசிகள் 10 முதல் 15 நிமிடத்தில் கடைந்துவிடும். கட்டியைப் பொறுத்துச் சூளையில் சுட வேண்டியிருக்கும். கடைசியில் பொருத்திப் பார்த்து ஒட்டுவார்கள்.

எல்லோரும் வேடிக்கை பார்ப்பது மெஷின் கடைவதைத்தான். ஆனால் காரியம் அங்கே கெடுவது குறைவு, அதற்கு முன்னும் பின்னும்தான் கெடுகிறது. கேமரா தன் கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே படம் பிடிக்கும். சீவிய பல்லின் ஓரம் ஈறுக்குள் மறைந்திருந்தாலோ, ரத்தமோ எச்சிலோ மூடியிருந்தாலோ, அந்த இடத்தை மென்பொருள் யூகித்து நிரப்பும். அந்த யூகம்தான் பின்னால் இடைவெளியாகி, உணவு சிக்கிச் சொத்தையாகிறது. அதனால் ஸ்கேன் முடிந்ததும் திரையைக் காட்டச் சொல்லுங்கள். பல்லைச் சுற்றி ஓரக் கோடு எங்கும் அறுபடாமல், கத்தியால் கீறியதுபோலத் தெளிவாக ஓட வேண்டும். ஓரிடத்தில் ஈறோடு குழைந்து கலங்கியிருந்தால், ஈறை ஒதுக்கும் நூல் வைத்து அந்த இடத்தை மட்டும் மறுபடி ஸ்கேன் செய்யலாம். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

இன்னொன்று கேப்பின் கனம். "பல்லை ரொம்பச் சீவாதீங்க டாக்டர்" என்று கெஞ்சுவது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் லித்தியம் டைசிலிகேட் என்ற செராமிக் வகைக்கு, நன்றாக ஒட்டப்போகிறார்கள் என்றாலும், மெல்லும் பரப்பில் குறைந்தது 1 மில்லிமீட்டர் வேண்டும், 1.5 இருந்தால் நிம்மதி. அதற்குக் கீழே போனால் கெட்டியான எதையோ கடித்த அன்று விரிசல் விடும். சீவிய பல்லில் கூர்மையான மூலைகளும் இருக்கக் கூடாது. கடையும் ஊசிக்கே கனம் உண்டு, அதைவிடக் கூரிய மூலைக்கு ஏற்ப உட்புறத்தை அதனால் குடைய முடியாது. மெஷின் அங்கே கூடுதலாகக் குடைந்து தள்ளும், கேப் தொளதொளவென்று உட்காரும்.

சீவுவதைக் குறைக்க வேண்டுமானால், முழு கேப்புக்குப் பதில் ஆன்லே போதுமா என்று கேளுங்கள். உடைந்த சுவரையும் பலவீனமான முகடுகளையும் மட்டும் மூடி, நல்ல பக்கத்தை அப்படியே விட்டுவிடும் துண்டு அது. ஒரு சுவர் மட்டும் போன பல்லுக்குப் பல நேரம் இதுவே சரி. ஒட்டு நன்றாகப் பிடிக்கும் எனாமலும் மிஞ்சுகிறது.

தற்காலிக கேப் கிடையாது, இரண்டாவது ஊசி கிடையாது, சீவிய பல் அன்றே மூடப்படுகிறது. ஒரே நாள் முறையின் உண்மையான லாபம் இவ்வளவுதான். தரம் தனிக் கதை.

கேள்வி: மதிப்பீட்டுச் சீட்டில் 'செராமிக் கேப்' என்று மட்டும் இருக்கிறது. எந்த செராமிக் என்று கேட்க வேண்டுமா?

பதில்: கட்டாயம். 'செராமிக்' என்பது 'துணி' என்பது மாதிரி. பருத்தியா பட்டா என்று சொல்லவில்லை.

பழைய வகை ஃபெல்ட்ஸ்பார் பீங்கான். விட்டா மார்க் 2 இந்தக் குடும்பம். ஒளியை அழகாக ஊடுருவ விடும், சூளையும் தேவையில்லை, மெருகேற்றினால் போதும். ஆனால் வளைவு வலிமை, அதாவது வளைக்கும் விசையை உடையாமல் தாங்கும் அளவு, சுமார் 150 மெகாபாஸ்கல்தான். சிறிய இன்லேக்கு, அதாவது பல்லின் குழிக்குள் மட்டும் உட்காரும் துண்டுக்கு நல்லது, பின்பல்லில் முழு கேப்புக்கு எங்கள் தேர்வு அல்ல.

கடைவாய்க்கு இன்று அதிகம் பயன்படுவது லித்தியம் டைசிலிகேட். இ-மேக்ஸ் கேட் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். மெஷினிலிருந்து வரும்போது ஊதா கலந்த நீலமாக இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். அது பாதி வெந்த நிலை, மிருதுவாக இருப்பதால்தான் ஊசி சுலபமாகக் கடைகிறது. சுமார் 840 டிகிரி செல்சியஸில் சுட்ட பிறகே பல் நிறத்துக்கு மாறும், வலிமையும் 400 மெகாபாஸ்கலைத் தொட்டு அதற்கு மேலும் போகும்.

சிர்கோனியா எல்லாவற்றிலும் வலிமையானது, ஆனால் வலிமை கூடிய வகைகள் ஒளி ஊடுருவாமல் சற்று மொத்தையான வெள்ளையாகத் தெரியும். சூளையில் 20 சதவீதத்துக்கு மேல் சுருங்கும் என்பதால் முதலில் பெரிதாகவே கடைவார்கள். வேகச் சூளை இருந்தால்தான் அதே நாளில் முடியும்.

ரெசின் என்ற பிளாஸ்டிக் வகைப் பொருள் கலந்த கட்டிகளும் உண்டு. சுடவே வேண்டாம் என்பதால் வேலை சீக்கிரம் முடியும். இங்கே உஷார். லாவா அல்டிமேட் என்ற கட்டியை முழு கேப்புக்குப் பரிந்துரைப்பதை, எதிர்பார்த்ததைவிட அதிகம் கழன்றதால், தயாரித்த 3எம் நிறுவனமே 2015-ல் விலக்கிக்கொண்டது. இன்லே, ஆன்லே வேறு விஷயம்.

கட்டியின் பெயர், நிறக் குறியீடு, தொகுப்பு எண் மூன்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். உடைந்தாலோ கழன்றாலோ எத்தனை காலத்துக்குள் இலவசமாக மாற்றித் தருவார்கள் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

கேள்வி: எட்டு மாதம்கூட ஆகவில்லை, கேப் முழுசாகக் கழன்று கையோடு வந்துவிட்டது. "கெட்டியானதைக் கடித்திருப்பீர்கள்" என்கிறார்கள். தவறு என்னுடையதா?

பதில்: உடையாமல் முழுசாக வந்த கேப் என்றால் முதல் சந்தேகம் கடித்ததன் மேல் வராது, ஒட்டியதன் மேல்தான் வரும். கேப்பைத் தூக்கிப் போடாதீர்கள், சூப்பர் க்ளூ பக்கமும் போகாதீர்கள். வெளிச்சத்தில் உட்புறத்தைப் பாருங்கள்.

ஒட்டு முழுக்கப் பல்லிலேயே தங்கி, கேப்பின் உள்ளே வழவழவென்று சுத்தமாக இருந்தால், கேப்பைத் தயார் செய்ததில் கோளாறு. லித்தியம் டைசிலிகேட்டின் உட்புறத்தை, வாய்க்கு வெளியே வைத்து, 5 சதவீத ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தால் 20 விநாடி அரித்து, கழுவிக் காயவைத்தால் பனி படிந்த கண்ணாடி போல மங்கிய வெள்ளையாகும். அதன்மேல் செராமிக்கையும் ஒட்டையும் இணைக்கும் சிலேன் திரவத்தைத் தடவி ஒரு நிமிடம் விட வேண்டும். இதில் ஒன்றைத் தாண்டினாலும் பிடிப்பு போயிற்று. சிர்கோனியாவை இந்த அமிலம் அரிக்காது. நுண்ணிய அலுமினாத் தூளைப் பீச்சிச் சொரசொரப்பாக்கி, சிர்கோனியாவைப் பிடித்துக்கொள்ளும் எம்டிபி என்ற வேதிப்பொருள் கலந்த பிரைமரை, ஒட்டுக்கு முன் பூச வேண்டும். ஒன்றின் வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்வது நடக்கிற தவறுதான். வாயில் பொருத்திப் பார்த்தபோது ஒட்டிய எச்சிலைச் சரியாக நீக்காமல் விடுவதும் அப்படியே.

மாறாக, ஒட்டு கேப்புக்குள் இருந்து பல் வெறுமையாக இருந்தால், ஒட்டும்போது பல் ஈரமாகியிருக்கலாம். எச்சிலும் மூச்சுக்காற்றின் ஈரமும் போதும். எச்சில் படாமல் பல்லைத் தனியாகப் பிரித்துக் காட்டும் ரப்பர் விரிப்பு (ரப்பர் டேம்) போட்டு ஒட்டுகிறார்களா என்று முன்கூட்டியே கேட்கச் சொல்வது இதற்காகத்தான். பல் மிகக் குட்டையாகச் சீவப்பட்டிருந்தாலும் பிடிமானம் இருக்காது.

பல்லுக்கும் கேப்புக்கும் சேதமில்லை, சொத்தையும் இல்லை என்றால் உட்புறத்தைச் சுத்தம் செய்து அதையே திரும்ப ஒட்டலாம். அதற்குள் பல் நகர்ந்துவிடாமல் இருக்க ஓரிரு நாளில் போய்விடுங்கள். கேப்பை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொண்டுபோங்கள், எந்தப் பக்கம் ஒட்டு இருக்கிறது என்பதை டாக்டர் முன்னாலேயே காட்டிப் பேசுங்கள்.

கேள்வி: ஒட்டி ஐந்து நாளாகிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூச்சம், கடித்தால் சுருக்கென்கிறது.

பதில்: குளிர்ச்சிக்குக் கூச்சம் இரண்டு வாரம் வரை இருந்து தானாகக் குறையும். கடித்தால் வலிப்பது பெரும்பாலும் கேப் ஒரு இழை உயரமாக நிற்பதால். மரத்துப்போன தாடையால் இயல்பாகக் கடித்துக் காட்ட முடியாது, அதனால் எங்கே உயரம் என்று பார்க்கக் கடிக்கச் சொல்லும் வண்ணத் தாள் அன்று சரியாகக் காட்டியிருக்காது. போய்க் குறைத்துக்கொள்ளுங்கள், ஐந்து நிமிட வேலை. தேய்த்த இடத்தை மெருகேற்றச் சொல்ல மறக்காதீர்கள். சொரசொரப்பான பீங்கான் எதிர்ப் பல்லை அரம் போல் அராவும். ராத்திரியில் தானாக வலித்தாலோ, சூடு பட்ட வலி நிமிடக்கணக்கில் நீடித்தாலோ நரம்பு பாதித்திருக்கலாம். அப்போது ரூட் கெனால் தேவைப்படும், கேப்பில் துளையிட்டே செய்துவிடுவார்கள்.

கேள்வி: முன்பல்லுக்கும் இதே முறை சரிவருமா?

பதில்: ஒற்றை முன்பல் என்றால் யோசியுங்கள். ஒரே நிறக் கட்டியிலிருந்து கடைந்த பல் பக்கத்துப் பல்லோடு பொருந்த, மேலே நிறம் தீட்டிச் சுடும் கை தேர்ந்ததாக இருக்க வேண்டும். டாக்டர் செய்த முன்பல் படங்களைக் கேட்டுப் பாருங்கள், திருப்தி இல்லையென்றால் லேபே மேல். எங்கே செய்தாலும் நிறத்தை முதல் ஐந்து நிமிடத்திலேயே, வாய் ஈரமாக இருக்கும்போது தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். திறந்தே வைத்திருந்தால் பல் காய்ந்து வெளுக்கும். அந்த வெளுப்புக்குப் பொருத்திய கேப், மறுநாள் மற்றப் பற்கள் பழைய நிறத்துக்குத் திரும்பியதும் தனியாகப் பளிச்சிடும்.

கேள்வி: தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம் உண்டு. பல் ஈறுக்குக் கீழேயும் உடைந்திருக்கிறது.

பதில்: முதல் பிரச்சினைக்குச் சிர்கோனியாவும், இரவில் பற்களின்மேல் மாட்டிக்கொள்ளும் காப்புத் தட்டும் (நைட் கார்டு) வேண்டும். இரண்டாவதுக்கு எக்ஸ்ரே பார்க்காமல் ஒரே நாள் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆழத்தில் இருக்கும் ஓரத்தைக் கேமராவும் பார்க்காது, அங்கே ஈரமில்லாமல் ஒட்டவும் முடியாது. முதலில் ஈறைச் சரிசெய்தோ, ஓரத்தை ரெசினால் மேலே தூக்கியோதான் ஸ்கேன் செய்ய வேண்டும். அதற்கு இரண்டு மூன்று தடவை வரவேண்டியிருந்தாலும் வந்துபோங்கள்.