கன்னியாகுமரி மாவட்டத்தில் டென்ட் போட்டுத் தங்க கட்டணமும் பெர்மிட்டும் கொண்டுவரலாமா?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவை உதாரணம் காட்டியிருக்கிறார். அங்கே அரசு நிலத்தில் முகாம் போட்டால் காசும் கட்ட வேண்டும், பெர்மிட்டும் எடுக்க வேண்டும், அதை நம்ம மாவட்டத்துக் காட்டோரம், அணைக்கரை, கடற்கரைக்குக் கொண்டுவந்தால் சரிப்படுமா என்கிறார்.

முதலில் என் சுயநலத்தைச் சொல்லிவிடுகிறேன். குலசேகரம் பக்கம் வாடகைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். சருவம், வார்ப்பு மாதிரி பெரிய சமையல் பாத்திரங்கள், நாற்காலி, பந்தல் துணி, குத்துவிளக்கு. ஏழெட்டு வருஷமாக டென்டும் வாடகைக்கு விடுகிறேன். கட்டணம் வந்தால் பையன்கள் யோசிப்பார்கள், என் கல்லாவில் இடிக்கும். அப்படியிருந்தும் பெர்மிட் வேண்டும் என்றுதான் சொல்வேன். கட்டணம் வேண்டுமா என்றால், அதற்கு என் பதில் வேறு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கேட்பதுதான் இந்தக் கேள்வியில் எனக்குப் பிடிக்காதது.

பெர்மிட் ஏன் வேண்டும் என்று எனக்குப் புரிந்தது ஓர் ஐப்பசி ராத்திரியில்.

கடையில் ஒரு நீள நோட்டு உண்டு. பெயர், போன் நம்பர், என்னென்ன சாமான், அட்வான்ஸ் எவ்வளவு, எங்கே கொண்டு போகிறார்கள், எப்போது திருப்புவார்கள். 'எங்கே' என்று ஒரு கட்டம் போட்டது யாருடைய உயிரையும் நினைத்து அல்ல. சாமான் திரும்பி வராவிட்டால் தேடிப் போக ஒரு விலாசம் வேண்டும், அவ்வளவுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஏழு பையன்கள் வந்து மூன்று டென்ட் எடுத்தார்கள். 'எங்கே' கட்டத்தில் 'ஆத்து மணல், திற்பரப்புக்கு மேலே' என்று எழுதியிருந்தார்கள். நானும் யோசிக்கவில்லை. கீழே குலசேகரத்தில் அன்றைக்கு வெயில்.

மழை மேலே மலையில். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. பேச்சிப்பாறை அணையின் உயரம் 48 அடி. ஐப்பசி, கார்த்திகையில் காலையில் பேப்பர் எடுத்ததும் மரணச் செய்தி பார்க்கிற மாதிரி அணை நீர்மட்டமும் பார்ப்போம். மட்டம் ஏறினால் மறுகால் திறப்பார்கள், அதாவது மிஞ்சிய தண்ணீரை வெளியே விடுவார்கள். அந்தத் தண்ணீர் கோதையாற்றில் இறங்கி, திற்பரப்பு வழியாகக் குழித்துறைக்குப் போய், தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் சேரும். மறுகால் திறந்தால் திற்பரப்பில் குளிக்கத் தடை போடுவார்கள். கரையோர வீடுகளுக்கு மைக்கில் சொல்லிக்கொண்டு ஜீப் போகும். டென்டுக்குக் கதவு எண் கிடையாது. அது மணல்திட்டில் இருப்பது ஜீப்பில் போகிறவருக்கு எப்படித் தெரியும்?

ராத்திரி பத்து மணி இருக்கும். மறுகால் திறந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. கடையைப் பூட்டிவிட்டு வந்தவன் திரும்பப் போய் நோட்டைப் பிரித்தேன். எழுதியிருந்த நம்பர்கள் இரண்டும் சுவிட்ச் ஆஃப். மச்சினனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பைக்கில் கிளம்பினேன். ரப்பர் தோட்டத்து மண்பாதை சறுக்கியது. கடைசி கால் கிலோமீட்டர் நடைதான். டார்ச் அடித்துப் பார்த்தால் மூன்று டென்டும் திட்டின் நுனியில் சமத்தாக நிற்கின்றன. அவர்கள் சாயா போட மூட்டிய அடுப்புக்கல் மூன்றும் தண்ணீருக்குள். சாம்பல் மட்டும் மேலே மிதந்து மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒற்றைச் செருப்பு ஒன்று, அதுவும் சுற்றிக்கொண்டு.

"லே, எழும்புங்கலே! வெள்ளம் ஏறுது!"

ஒரு டென்டின் ஜிப் மூன்று அங்குலம் திறந்தது. ஒரு முகம் எட்டிப் பார்த்தது. "அண்ணே, வாடகை நாளைக்குத்தானே?"

மடிக்க நேரமில்லை. சப்பரம் தூக்குவது போல மூலைக்கு ஒருவராக டென்டைத் தூக்கிக்கொண்டு மேடேறினோம். விடிந்து போய்ப் பார்த்தபோது அங்கே திட்டு இல்லை, கலங்கல் தண்ணீர்தான்.

அந்த ஏழு பேர் அங்கே இருப்பது உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் எழுதப்பட்டிருந்தது, அதுவும் என் சாமானுக்காக. பெர்மிட் என்றால் எனக்கு அதுதான். யார், எத்தனை பேர், எங்கே, எப்போது திரும்புவார்கள் என்பது பொறுப்பான ஒருவர் கையில் இருக்க வேண்டும். 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ பிடித்து 23 பேர் செத்தார்களே, அன்று ராத்திரி டிவியில் மேலே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதற்கே ஒவ்வொரு சேனலும் ஒரு கணக்குச் சொன்னது நினைவிருக்கிறதா? அதற்குப் பிறகு அதே வருஷம்தான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன.

இன்னொன்று. காட்டுக்குள் என்றால் 'கொண்டுவரலாமா' என்ற கேள்வியே இல்லை, ஏற்கெனவே இருக்கிறது. எங்கள் மாவட்டத்து மலையில் பெரும்பகுதி, 400 சதுர கிலோமீட்டருக்கு மேல், கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 27-ஆம் பிரிவில் சரணாலயத்துக்குள் யார் நுழையலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. 28-ஆம் பிரிவு, நுழையவோ தங்கவோ எந்தெந்தக் காரணத்துக்கு அனுமதி தரலாம் என்கிறது. ஆராய்ச்சி, புகைப்படம், சுற்றுலா, உள்ளே குடியிருப்பவரோடு சட்டப்படியான வேலை. அதற்கு நிபந்தனையும் கட்டணமும் விதிக்கலாம் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. தீ மூட்டுவது 30-ஆம் பிரிவில் வரும். 'கேம்ப் ஃபயர் போடலாமாண்ணே' என்று கேட்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது இந்த நம்பரைத்தான். சட்டத்துக்குப் பயப்படுகிறார்களோ இல்லையோ, நம்பர் சொன்னால் கொஞ்சம் அடங்குகிறார்கள்.

2024 அக்டோபரில் அரசு ஆரம்பித்த 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 வழிகள் அறிவித்தார்கள். காளிகேசம் - பாலமோர் எங்கள் மாவட்டத்து வழி. ஆன்லைனில் பெயர் கொடுத்துப் பதிய வேண்டும், உள்ளூர்ப் பயிற்சி பெற்ற வழிகாட்டி கூட வருவார், கோடையில் தீக்காலத்தில் மூடிவிடுவார்கள். கட்டணம் அதிகம் என்று புலம்பல் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்ற கணக்கு இருக்கிறது.

சிக்கல் எல்லாம் காட்டுக்கு வெளியேதான். ஆற்று மணல், அணைக்கரை, கடற்கரை, ஊர்ப் பொற்றை என்கிற சின்னக் குன்று. இங்கே பெர்மிட் கேட்டால் தருவதற்கு ஆள் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார் முப்பது பிள்ளைகளை ஓர் இரவு அணைப்பக்கம் சமதளத்தில் தங்க வைக்க ஆசைப்பட்டார். டென்ட் என்னுடையது என்பதால் அலைச்சலும் என்னுடையது. மூன்று அலுவலகம் ஏறி இறங்கினேன், பெயர் வேண்டாம். முதல் இடத்தில், "எடம் எங்களுது, அனுமதி குடுக்க எங்களுக்கு வகையில்ல." இரண்டாவதில், "எங்க எல்லை ரோடு வரைக்கும்தான்." மூன்றாவதில், "எழுதிக் குடுத்துட்டுப் போங்க சாரே." எழுதிக் கொடுத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கும்.

கடைசியில் போய் இறங்கினால், தோளில் பை மாட்டிய ஒருவர் 200 ரூபாய் கேட்டார். ரசீது கேட்டேன். வண்டி நிறுத்தும் சீட்டு இரண்டைக் கிழித்துக் கொடுத்தார், 'கார்' என்று அச்சடித்தது. அரசாங்கக் கணக்குப்படி அன்று ராத்திரி அங்கே இரண்டு கார்கள் தூங்கின.

இப்போது அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே எல்லா இடத்திலும் காசு என்பது சரியல்ல. மேற்கு மாநிலங்களில் நில மேலாண்மைத் துறையின் பொது நிலங்களில் பெரும்பாலான இடங்களில் 28 நாளில் 14 நாள் வரை சும்மாவே டென்ட் போடலாம், வசதி எதுவும் இருக்காது. காசு வாங்கும் பழக்கம் பழையது. மவுன்ட் ரெய்னியர் தேசியப் பூங்காவில் 1908-லேயே காருக்குக் கட்டணம் வாங்கினார்கள். எனக்குப் பிடித்தது 2004-இல் அவர்கள் போட்ட சட்டம். பொது நிலத்தில் முகாம் கட்டணம் வாங்க வேண்டுமானால் ஒன்பது வசதிகளில் பாதிக்கு மேல், அதாவது குறைந்தது ஐந்து இருக்க வேண்டும் என்று அதில் பட்டியலே இருக்கிறது. டென்ட் போட இடம், சாப்பிட மேசை, குடிதண்ணீர், போக வழி, கட்டணம் வாங்க ஆள், வருகிறவருக்குப் பாதுகாப்பு, குப்பைத் தொட்டி, கக்கூஸ், தீ பரவாமல் மூட்ட ஓர் ஏற்பாடு. வசூலில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் வசூலித்த இடத்திலேயே செலவழிக்க வேண்டும் என்பது பொது விதி.

இந்த ஒன்பதையும் வைத்து எங்கள் ஊர் அணைக்கரை ஒன்றை விரல்விட்டு எண்ணினேன். இடம் உண்டு. வழி உண்டு. காசு வாங்க ஆள் நிச்சயமாக உண்டு. நாலாவதுக்கு விரல் மடங்கவில்லை. குப்பைத் தொட்டி ஒன்று இருந்தது, கவிழ்ந்து கிடந்தது, அதைச் சேர்ப்பதா விடுவதா என்று மச்சினனோடு தர்க்கம். சேர்த்தாலும் நாலுதான்.

என் அக்கா மகன் அமெரிக்காவில் வேலையில் இருக்கிறான். முகாம் போன இடத்திலிருந்து ஒரு போட்டோ அனுப்பினான். வாசலில் ஆள் கிடையாது, உண்டியல் மாதிரி ஓர் இரும்புக் குழாய். பக்கத்தில் உறைகள். உறையின் மேல் பெயர், வண்டி நம்பர், எத்தனை ராத்திரி என்று எழுதி, காசை உள்ளே போட்டு, ஒரு துண்டைக் கிழித்து வண்டிக் கண்ணாடியில் வைத்துக்கொள்ள வேண்டுமாம். நம்ம ஊரில் அந்தக் குழாயே காணாமல் போகும் என்று அக்கா சொன்னாள். அது இருக்கட்டும், நான் பார்த்தது அந்த உறையைத்தான். காசு வாங்குகிற சீட்டிலேயே ஆள் பெயரும் புறப்படும் நாளும் இருக்கிறது. எங்கள் சீட்டில் தொகையும் 'கார்' என்பதும்தான்.

அதனால் என் கணக்கு இது. பெர்மிட் இலவசமாக இருக்கட்டும், எல்லா இடத்துக்கும் கட்டாயமாக இருக்கட்டும். பேரூராட்சியோ ஊராட்சியோ, ஓர் அலுவலகம் அதற்குப் பொறுப்பு. மறுகால் திறந்தால் அந்தப் பட்டியலைப் பார்த்து அவர்களே போன் அடிக்க வேண்டும். கட்டணம் என்பது கக்கூஸும் தண்ணீரும் வந்த பிறகு. தலைக்கு வேண்டாம், டென்டுக்கு இவ்வளவு என்று வாங்குங்கள். தலைக்கு என்றால் ஏழு பேர் வந்து நாலு பேர் என்று பொய் சொல்வான், அந்த மூன்று பேர் பட்டியலில் இல்லாமல் போவார்கள். குப்பைக்குத் தனியாக ஒரு டெபாசிட் வாங்கலாம். நீலகிரியில் காலி மதுபாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்று 2022-இல் தொடங்கினார்களே, அதே முறைதான். குப்பைப் பையைக் காட்டினால் காசு வாபஸ். நானே டென்டுக்கு அப்படித்தான் செய்கிறேன். கங்கு பட்டு ஓட்டை விழுந்து வந்தால் அட்வான்ஸில் கழிப்பேன்.

கடற்கரையில் முறை கொஞ்சம் மாறும். சொத்தவிளையிலும் முட்டத்திலும் மணலில் சாதாரண ஆணி நிற்காது, காற்று ஒரே இழுப்பில் பிடுங்கிவிடும். அங்கே வள்ளம் ஏற்றும் இடத்தில் டென்ட் போட்டுவிட்டு, விடியற்காலையில் கடலுக்குப் போகிறவர்களோடு சண்டை போடும் கூட்டமும் உண்டு. கரை அவர்கள் தொழில் செய்கிற இடம். பெர்மிட்டில் எங்கே போடக்கூடாது என்று அவர்களைக் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

மலையில் வாழும் பழங்குடிகளான காணிக்காரர்களிடம் யாரும் சீட்டுக் கேட்கக் கூடாது. மோதிரமலை, தச்சமலைக்காரர்களுக்கு அது வீட்டுக்குப் போகிற வழி. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு உரிமையாகத் தந்ததை, நாம் சுற்றுலாவுக்கு வைக்கிற கேட்டில் நிறுத்தி அனுமதியாக்கிவிடக் கூடாது. கேட்டில் வேலைக்கு வைப்பதென்றால் அவர்களையே வையுங்கள். எந்தப் பாறைக்குப் பக்கத்தில் யானை தண்ணீர் குடிக்க வரும் என்று டென்ட் போடும் முன்பே சொல்லிவிடுவார்கள்.

அந்த ராத்திரிக்குப் பிறகு என் நோட்டில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது. 'ஆத்துலிருந்து எவ்வளவு தூரம்?' எழுதாமல் டென்ட் கிடையாது. ஆனால் நான் கடைக்காரன், உண்மையைத்தான் எழுது என்று எத்தனை பேரை மிரட்ட முடியும்? போன வாரம் ஒருத்தன் 'எங்கே' கட்டத்தில் 'பெரியம்மா வீட்டு மொட்டை மாடி' என்று எழுதிவிட்டு இரண்டு டென்ட் எடுத்துப் போனான். திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்தான். காயப்போட உதறினால் மூலையில் மூன்று அட்டைப்பூச்சி, ஒன்று இன்னும் உயிரோடு.