நம் வீட்டு 'டிவி கேம்' கருவியில் எதை ஆடலாம்? ஃபேமிகாம் பற்றிய கேள்வி பதில்

தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் 'டிவி கேம்' என்ற பெயரில் விற்ற கருவிகளில் பெரும்பாலானவை, ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று 14,800 யென் விலைக்கு வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்களே ஆகும். அமெரிக்காவில் 1985இல் என்.இ.எஸ். என்ற பெயரில் வேறு உருவத்தில் வந்ததும் இதே கருவிதான். இதற்கு வந்த ஆட்டங்களுள் சிறந்தவை எவை என்று நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன். சிறுவயது நினைவு ஏதும் இல்லாத ஒருவர் இன்று கையில் எடுத்தால் ஒரு மணி நேரமாவது எழாமல் ஆடுவாரா என்பதே என் அளவுகோல்.

சேலத்திலிருந்து ஒருவர்: எங்கள் வீட்டில் '9999999 இன் 1' என்று அச்சிட்ட கேசட் இருந்தது. மேரியோ, கான்ட்ரா, டேங்க், ரோட் ஃபைட்டர், டக் ஹன்ட் எல்லாம் ஆடி முடித்துவிட்டேன். இனி இந்தக் கருவியில் எனக்குப் புதிதாக என்ன இருக்கிறது?

பாதிக்கு மேல் இருக்கிறது. முதலில், அந்த எண்ணை நம்ப வேண்டாம். ஒரே ஆட்டத்தை மூன்றாம் ஸ்டேஜிலிருந்து, ஏழாம் ஸ்டேஜிலிருந்து, கூடுதல் உயிர்களோடு என்று தொடங்க வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு புதுப் பெயர் சூட்டிப் பட்டியலை நீட்டியிருப்பார்கள். எண்ணிப் பார்த்தால் சில பத்து ஆட்டங்கள்தாம் தேறும்.

அந்தச் சில பத்தும் ஏன் எல்லா வீட்டிலும் ஒன்றாகவே இருந்தன என்பதற்குக் காரணம் உண்டு. கூடுதல் சில்லு எதுவும் இல்லாத எளிய கேசட்டில் நிரலுக்கு 32 கிலோபைட், படங்களுக்கு 8 கிலோபைட் என மொத்தம் 40 கிலோபைட் வரைதான் இடம். 1985 செப்டம்பரில் வந்த சூப்பர் மேரியோ பிரதர்ஸ் சரியாக அந்த 40 கிலோபைட்டுக்குள் 32 ஸ்டேஜ்களை அடக்கியது. அதில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படம்தான். வண்ணம் மட்டும் வேறு. பின்னர், கேசட்டுக்குள்ளேயே ஒரு சில்லைப் பொருத்தி, பெரிய நினைவகத்தின் பகுதிகளைத் தேவைக்கேற்ப மாற்றி மாற்றிக் கருவிக்குக் காட்டும் முறை பரவியது. ஆட்டங்கள் அதன் பிறகே பெரிதாகின. 1988இல் வந்த சூப்பர் மேரியோ பிரதர்ஸ் 3, 384 கிலோபைட். 1993இல் வந்த கிர்பி'ஸ் அட்வெஞ்சர், 768 கிலோபைட். ஒரே கேசட்டில் மலிவாகப் பலவற்றை அடைத்து விற்க நினைத்தவர்களுக்குச் சில்லில்லாத சிறிய ஆட்டங்களே வசதியாக இருந்தன. ஆகவே பேட்டில் சிட்டி, ரோட் ஃபைட்டர், ஐஸ் கிளைம்பர், எக்சைட்பைக் ஆகியவை நமக்கு வந்து சேர்ந்தன. பிற்காலத்தில் வந்த பெரிய ஆட்டங்களில் பல வரவில்லை. 128 கிலோபைட் கொண்ட கான்ட்ரா நம் கைக்குக் கிடைத்தது ஒரு விதிவிலக்கு, நல்லூழும்கூட.

கோவையிலிருந்து: அப்படியானால் எதிலிருந்து தொடங்க வேண்டும்? நீண்ட பட்டியல் வேண்டாம், நான்கைந்து போதும்.

சூப்பர் மேரியோ பிரதர்ஸ் 3இலிருந்து தொடங்குங்கள். முதல் மேரியோவில் ஓடுவதும் குதிப்பதும்தான் உண்டு. இதில் வால் முளைத்துப் பறக்கலாம், தவளை உடையில் நீந்தலாம், எட்டு உலகங்களின் வரைபடத்தில் எந்த வழியாகப் போவது என்பதையும் ஓரளவு நீங்களே தீர்மானிக்கலாம். பெரும்பாலான ஸ்டேஜ்கள் சுருக்கமானவை. ஒவ்வொன்றிலும் ஒரு புதிய எண்ணத்தைக் காட்டிவிட்டு, அது சலிக்கும் முன்பே அடுத்ததற்குச் சென்றுவிடும். பறப்பதற்கு முன் ஓட்டம் எடுக்க வேண்டும் என்ற ஒரே ஒரு விதி, ஒவ்வொரு மேடையின் நீளத்தையும் நம்மை அளந்து பார்க்க வைக்கிறது. இந்தக் கருவியில் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதையே வைத்துக்கொள்வேன்.

அடுத்தது கேப்காம் நிறுவனத்தின் மெகா மேன் 2. எட்டு எதிரித் தலைவர்களை நீங்கள் விரும்பும் வரிசையில் எதிர்கொள்ளலாம். ஒருவனை வென்றால் அவனுடைய ஆயுதம் உங்களுக்குக் கிடைக்கும். அது மற்றொருவனுக்கு எமனாக அமையும். எந்த ஆயுதம் யாருக்கு என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் ஆட்டத்தின் உயிர் என்பதால், தயவுசெய்து விடைகளை முன்கூட்டியே படித்துவிடாதீர்கள். மெட்டல் மேனின் வட்டக் கத்தியை எட்டுத் திசைகளிலும் வீசலாம் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

மூன்றாவதாக 1987இன் பஞ்ச்-அவுட். பெயருக்குத்தான் இது குத்துச்சண்டை. உண்மையில் எதிராளியின் கண் சிமிட்டல், தோள் அசைவு ஆகியவற்றைப் படித்து நேரம் பார்த்துக் குத்தும் புதிர். பருத்த உடல் கொண்ட கிங் ஹிப்போ வாயைத் திறக்கும்போது குத்தினால் அவனுடைய கால்சட்டை நழுவும். அதைப் பிடிக்கும் கையால் அவன் வயிற்றைக் காக்க முடியாது. நான்காவது கிர்பி. எளிமையானது, அழகானது, விழுங்கிய எதிரியின் திறமையைத் தனதாக்கிக்கொள்வது. புதிதாக ஆடுபவர்களிடம் நான் முதலில் கொடுப்பது இதைத்தான். ஐந்தாவதாக செல்டாவைச் சொல்வேன். அதைப் பற்றித் தனியே ஒரு கேள்வி வந்திருக்கிறது.

திருநெல்வேலியிலிருந்து: தி லெஜண்ட் ஆஃப் செல்டாவை மூன்று முறை தொடங்கிக் கைவிட்டேன். எங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. இதை ஏன் எல்லோரும் புகழ்கிறார்கள்?

நீங்கள் கைவிட்டதில் வியப்பில்லை. 1986இல் ஜப்பானில் வட்டு வடிவிலும், 1987இல் அமெரிக்காவில் தங்க நிறக் கேசட்டாகவும் வந்த அந்த ஆட்டத்தோடு ஒரு வரைபடமும் கையேடும் வந்தன. அவற்றைப் படித்துவிட்டுத்தான் ஆட வேண்டும் என்பதே ஏற்பாடு. படியெடுத்த ஆட்டம் மட்டும் கையில் கிடைக்கும் நமக்குப் பாதிதான் கிடைக்கிறது. ஒரு கட்டத்தாளை எடுத்து, குறுக்கே பதினாறு, நெடுக்கே எட்டு எனக் கட்டங்கள் போடுங்கள். வெளியுலகம் முழுவதும் அந்த 128 திரைகள்தாம். கடந்து செல்லும் ஒவ்வொரு திரையையும் குறித்துக்கொண்டே வந்தால், இரண்டாம் நாளிலேயே வரைவது ஆட்டத்தைவிடச் சுவையாகிவிடும். முடித்த பிறகும் ஆவல் தீரவில்லை என்றால், புதிதாகத் தொடங்கும்போது பெயராக 'செல்டா' என்று ஆங்கிலத்தில் கொடுங்கள். நிலவறைகளின் உருவமும், அவற்றில் பலவற்றின் இடமும் மாறிய இரண்டாவது ஆட்டம் திறக்கும்.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய ஃபேமிகாமின் இரண்டாம் கன்ட்ரோலரில் ஒரு மைக் இருந்தது. செல்டாவில் வரும் முயல் காது கொண்ட ஒரு வகை எதிரியை, அந்த மைக்கில் கத்தியே கொன்றுவிடலாம். அமெரிக்கக் கருவியில் மைக் இல்லை. ஆனால் அந்த எதிரிக்குப் பெருஞ்சத்தம் பிடிக்காது என்ற வரி கையேட்டில் அப்படியே இருந்தது. அதை நம்பி, ஆட்டத்தில் வரும் குழலை ஊதிப் பார்த்து ஏமாந்த பிள்ளைகள் பலர்.

மதுரையிலிருந்து: கான்ட்ராவை 30 உயிரோடுதான் முடித்திருக்கிறேன். அது கணக்கில் சேருமா?

சேரும். மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று அழுத்தினால் கான்ட்ராவில் 30 உயிர் தரும் அந்தப் பொத்தான் வரிசையை முதலில் கிரேடியஸ் ஆட்டத்துக்காக அமைத்தவர் கோனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹாஷிமோட்டோ. சோதித்துப் பார்க்கும்போது ஆட்டம் தமக்கே கடினமாக இருந்ததால்தான் அதை வைத்தார். செய்தவரே பயன்படுத்தியதை நாம் பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆயினும் ஒரு முறையாவது மூன்று உயிரோடு ஆடிப் பாருங்கள். விசிறி போலச் சிதறிச் சுடும் 'எஸ்' துப்பாக்கியை இழக்காமல் காப்பது எத்தகைய பதற்றம் என்பது அப்போதுதான் விளங்கும். கான்ட்ரா பிடித்தவர்கள், அதே கோனாமியின் ஜாக்கல், லைஃப் ஃபோர்ஸ் இரண்டையும் இருவராக ஆடிப் பார்க்க வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு தந்தை: எட்டு வயது மகளோடு சேர்ந்து ஆட ஏற்றவற்றைக் கூறுங்கள், ஐயா.

சிப் அன் டேல் ரெஸ்க்யூ ரேஞ்சர்ஸ் முதல் தேர்வு. இரண்டு அணில்கள் பெட்டிகளைத் தூக்கி எறியும் ஆட்டம் அது. கூட்டாளியையே தூக்கி எறியவும் முடியும் என்பதால் உங்கள் மகள் உங்களைப் பள்ளத்தில் போட்டுவிட்டுச் சிரிப்பாள், அதற்கு ஆயத்தமாக இருங்கள். பபுள் பாபுள் அடுத்தது. நாம் 'டேங்க்' என்று சொன்ன பேட்டில் சிட்டி இன்றும் சிறிதும் பழசாகவில்லை. 35 ஸ்டேஜ்கள் தீர்ந்தாலும் 'கன்ஸ்ட்ரக்ஷன்' பகுதியில் குழந்தையே செங்கல் அடுக்கித் தனக்கென ஒரு களம் அமைக்கலாம். ஐஸ் கிளைம்பரை மட்டும் தவிர்க்கவும். ஒருவர் வேகமாக ஏறினால் திரை மேலே நகர்ந்து, கீழே தங்கியவர் உயிரிழப்பார். அண்ணன் தம்பிகளுக்குள் அடிதடி வரவே அது வழி செய்யும்.

சென்னையிலிருந்து: பழைய துப்பாக்கி பத்திரமாக இருக்கிறது. ஆனால் புதிய எல்.இ.டி. டிவியில் டக் ஹன்டில் ஒரு வாத்துகூட விழுவதில்லை. துப்பாக்கி பழுதா?

பெரும்பாலும் துப்பாக்கியில் பழுது இருக்காது. அது எதையும் சுடுவதில்லை, ஒளியைப் பார்க்கிறது. விசையை இழுத்தவுடன் ஆட்டம் திரையை ஒரு நொடியின் சிறு பகுதிக்குக் கறுப்பாக்கி, பிறகு வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் ஒன்றைக் காட்டும். அந்த வெண்மையைத் துப்பாக்கியின் உணரி அதே கணத்தில் கண்டால் வாத்து விழும். படக்குழாய் டிவி கருவி அனுப்பிய படத்தை உடனுக்குடன் வரையும். புதிய டிவியோ படத்தை வாங்கிப் பெரிதாக்கிச் சற்றுத் தாமதித்துக் காட்டும். வெள்ளைக் கட்டம் வருவதற்குள் ஆட்டம் 'குறி தவறியது' என்று முடிவு செய்துவிடும். பழைய படக்குழாய் டிவி ஒன்றைத் தேடிப் பிடிப்பதே எளிய வழி.

ஈரோட்டிலிருந்து: நண்பர் வீட்டில் அசல் ஜப்பானியக் கருவியில் மேரியோ ஆடினேன். பேய் வேகத்தில் ஓடுகிறது. அது சரியா, எங்கள் வீட்டில் இருந்தது சரியா?

நண்பர் வீட்டில் ஓடியதே சரியான வேகம். ஜப்பானிய டிவி முறையில் நொடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கப்படும். 'பால்' (PAL) எனப்படும் இந்திய டிவி முறையில் 50 முறை. மேரியோ போன்ற ஆட்டங்கள் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அடி என்று கணக்கிட்டு நகர்பவை என்பதால், 50 முறை ஓடும் நகல் கருவியில் அவை ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும். நம்மில் பலர் குதிக்கக் கற்றுக்கொண்டதே அந்த மெதுவான மேரியோவில்தான். எனக்கும் பழக இரண்டு வாரம் ஆயிற்று.

வேலூரிலிருந்து: திரையில் எதிரிகள் அதிகமானால் உருவங்கள் மினுக்குகின்றன. கருவி கெட்டுவிட்டதா?

இல்லை. ஒரு கிடைக்கோட்டில் எட்டு நகரும் துண்டுகளுக்கு மேல் இந்தக் கருவியால் வரைய முடியாது. அதிகமானவற்றை முறை வைத்து மாற்றி மாற்றிக் காட்டுவதால் மினுக்குகிறது.

புதுச்சேரியிலிருந்து: கேசட் ஓடாவிட்டால் ஊதிப் போடுவோமே, அது உண்மையில் பயன் தந்ததா?

கழற்றி மறுபடி செருகியதுதான் பயன் தந்தது; ஊதியதன்று. வாயின் ஈரம் செப்புத் தகடுகளை நாளடைவில் அரிக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் நனைத்துத் துடைத்து, நன்கு காய்ந்த பின் செருகுங்கள்.

திருச்சியிலிருந்து: பெரும் புகழ் பெற்றும் உங்களுக்குப் பிடிக்காதவை உண்டா?

இரண்டைச் சொல்லலாம். 1986இன் மெட்ராய்ட், தனிமையை இசையாலும் இருட்டாலும் உணர்த்திய முன்னோடி என்பதில் ஐயமில்லை. ஆனால் வரைபடம் கிடையாது. ஒன்றைப்போலவே இருக்கும் பத்துக் குகைகள். இறந்து மீண்டும் தொடங்கினால் எத்தனை ஆற்றல் கலங்கள் சேர்த்திருந்தாலும் உடலில் 30 மட்டுமே இருக்கும், மீதியை நிரப்பவே அரை மணி நேரம் ஆகும். இன்னொன்று 1987இன் முதல் ஃபைனல் ஃபேன்டசி. கதையினூடே நாம் நடத்திச் செல்லும் வீரர் நால்வரும் ஒரே எதிரியைக் குறிவைத்து, அவன் இரண்டாம் அடியிலேயே இறந்துவிட்டால், மற்ற இருவரும் வெற்றிடத்தை வெட்டுவார்கள். அந்த வகை ஆட்டம் வேண்டுமென்றால், பொறுமையுள்ளவர்களுக்கு டிராகன் குவெஸ்ட் 3ஐப் பரிந்துரைப்பேன்.

கடைசியாக, யாழ்ப்பாணத்திலிருந்து: ஜப்பானில் வாழும் என் உறவினர் ஒருவர் அசல் கருவியும் கேசட்டுகளும் வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறார். எதைக் கேட்கலாம்?

கருவியில், 1993இல் வந்த மாற்றுருவைக் கேளுங்கள். பழைய ஃபேமிகாமில் ஆன்டெனா வழி இணைப்பு மட்டுமே உண்டு, அதன் அலைவரிசை நம் டிவிகளுக்குப் பொருந்துவது அரிது. 1993 கருவியில் ஏ.வி. இணைப்பு இருக்கிறது. கேசட்டில் மேரியோ 3, கிர்பி இரண்டுக்கும் ஜப்பானிய மொழி தெரிய வேண்டியதில்லை. மெகா மேன் 2 அங்கே ராக்மேன் 2 என்ற பெயரில் கிடைக்கும். அமெரிக்கப் பதிப்பில் உள்ள எளிய நிலை அதில் இல்லை, கடின நிலைதான் உண்டு. அமெரிக்கக் கேசட்டுகளை வாங்கிவிட வேண்டாம்: அவற்றில் 72 முனைகள், ஜப்பானியக் கருவியில் 60, இடையில் ஓர் இணைப்பான் இல்லாமல் உள்ளே போகாது. அங்கிருந்து வரும் மின் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. அதை நம் 230 வோல்ட் பிளக்கில் நேரே செருகிக் கருகவைத்தவன் நான் என்பதால், பெட்டியைப் பிரித்தவுடன் அதைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.