முகத்துக்கு ஆசிட்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நான் டாக்டர் இல்லை. சீரம், கிரீம் தயாரிக்கும் ஆய்வுக்கூடத்தில் ஃபார்முலா போடுவது என் வேலை. அந்த அனுபவத்தில் எனக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

அக்கா, ஆசிட் என்றாலே பயமாக இருக்கிறது. தோலை உரித்துவிடாதா?

தோலின் மேல் அடுக்கில் இறந்த செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒட்டலைத் தளர்த்திவிடுவதுதான் இந்த ஆசிட்களின் வேலை. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தோல் உரிந்தால் அளவு மீறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டிலில் போட்டிருக்கும் சதவீதம் மட்டும் போதாது, பிஎச் (அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) எவ்வளவு என்பதும் முக்கியம். கிளைகோலிக் ஆசிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிஎச் 3.8 அளவில் அதில் பாதிதான் ஆசிடாக இருக்கும், மீதி உப்பாக மாறியிருக்கும். பிஎச் 5 ஆனால் பத்தில் ஒரு பங்குகூட ஆசிடாக மிஞ்சாது. அதனால் ஒரே '10%' என்று எழுதிய இரண்டு பாட்டில்களில் ஒன்று சுள்ளென்று எரியும், இன்னொன்று தண்ணீர் மாதிரி இருக்கும். வீட்டில் போடுவதற்கு 10 சதவீதத்துக்கு மேலும் வேண்டாம், பிஎச் 3.5-க்குக் கீழும் வேண்டாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு 5 சதவீதமே தாராளம்.

எண்ணெய் வழியும் முகம். மூக்கில் கரும்புள்ளி, நெற்றியில் பரு. எதை வாங்குவது?

சாலிசிலிக் ஆசிட், 2 சதவீதம். எண்ணெயில் கரையும் என்பதால் அடைபட்ட துளைக்குள் இறங்கி வேலை செய்யும். வாரத்தில் இரண்டு இரவு போட்டால் போதும். பலன் தெரிய ஆறு, எட்டு வாரம் ஆகும், அதற்குள் பாட்டிலை மாற்றாதீர்கள்.

வறண்ட தோல் என்றால் லாக்டிக் ஆசிட் பாருங்கள். சீக்கிரம் எரிச்சல் வரும் தோலுக்கு மாண்டலிக் ஆசிட் நல்லது. அதன் மூலக்கூறு பெரியது, தோலுக்குள் மெதுவாகத்தான் போகும்.

சிவப்பு நிற பீலிங் சொல்யூஷனைப் போட்டுக்கொண்டே தூங்கிவிட்டேன். கன்னம் எரிகிறது, பளபளவென்று இருக்கிறது. என்ன செய்வது தங்கச்சி?

அண்ணா, அந்தப் பளபளப்பு தோல் புண்பட்டிருப்பதற்கு அடையாளம். அந்த வகை சொல்யூஷனில் 30 சதவீதம் வரை ஆசிட் இருக்கும். பத்து நிமிடத்தில் கழுவிவிட வேண்டிய சரக்கு அது.

முதலில் ஆசிட், ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை), வைட்டமின் சி, ஸ்கிரப் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வெறும் தண்ணீரில் கழுவி, வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர், அதன்மேல் லேசாக வாசலின். இதைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். மஞ்சள், கற்றாழை என்று யார் சொன்னாலும் இப்போது பூசாதீர்கள். கொப்புளம் வந்தாலோ நீர் கசிந்தாலோ உடனே தோல் டாக்டரைப் பாருங்கள்.

வெயிலில் போகாமல் இருப்பதுதான் இப்போது பெரிய வைத்தியம். நம் மாநிறத் தோலில் எரிச்சல் ஆறினாலும் அந்த இடம் கறுத்துப்போகும், அது மங்க மாதக்கணக்கில் ஆகும். கருமையைப் போக்க வாங்கிய ஆசிட்டே கருமையைக் கொண்டுவருவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். மனசு கஷ்டப்படுகிறது.

மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த கிரீமை ஒரு வருஷமாகப் போடுகிறேன், நன்றாக வெளுத்தது. இப்போது கிளைகோலிக் சேர்க்கலாமா?

சேர்க்காதீர்கள் அம்மா. முதலில் ட்யூபைத் திருப்பி, பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. கூடவே நிறத்தை வெளுக்கவைக்கும் ஹைட்ரோகுயினோனும் வைட்டமின் ஏ வகை மருந்தான ட்ரெட்டினாயினும் சேர்த்திருப்பார்கள். டாக்டர் சொல்லி, சில வாரங்கள் மட்டும் போட வேண்டிய மருந்து இது. வருஷக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரியும், முகத்தில் முடி வளரும், பரு கிளம்பும். அந்தத் தோலில் ஆசிட் பட்டால் தாங்காது. திடீரென்று நிறுத்தினாலும் முகம் சிவந்து எரியும் என்பதால் ட்யூபை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், எப்படிக் குறைப்பது என்று கேளுங்கள்.

கடையில் வாங்குவதற்குப் பதில் எலுமிச்சைச் சாறு?

வேண்டாம். அதன் பிஎச் 2 பக்கம் இருக்கும். எலுமிச்சைத் தோலில் உள்ள எண்ணெய் பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் கொப்புளித்துக் கறுத்துவிடும்.

ராத்திரிதானே போடுகிறேன், பகலில் சன்ஸ்கிரீன் எதற்கு?

கிளைகோலிக், லாக்டிக் போன்றவை போட்ட தோல் வெயிலுக்குச் சீக்கிரம் வாடும். நிறுத்திய பிறகும் ஒரு வாரம் வரை அப்படித்தான். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்துப் பூசுங்கள். காலையில் பைக்கில் போகிறவர்கள் சன்ஸ்கிரீன் இல்லாமல் ஆசிட் போடுவதைவிட, ஆசிட்டே போடாமல் இருக்கலாம்.

நான் ஐந்து மாத கர்ப்பிணி. போடலாமா?

குறைந்த அளவு லாக்டிக், கிளைகோலிக் பொதுவாகப் பிரச்சினை இல்லை. சாலிசிலிக் பீல் (அதிக வீரியத்தில் போட்டுத் தோலை உரிப்பது) வேண்டாம். ரெட்டினால் கூடவே கூடாது. எதுவானாலும் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

த்ரெட்டிங் செய்த அன்றைக்கே போடலாமா அக்கா?

கூடாதும்மா. முன்னால் இரண்டு மூன்று நாள், பின்னால் இரண்டு மூன்று நாள் விட்டுவிடு. வேக்சிங் என்றால் இன்னும் கூடுதலாக, ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடு. ஆசிட் போட்ட இடத்தில் மெழுகை இழுத்தால் தோலும் சேர்ந்து வந்துவிடும்.