வெளிநாட்டுக் குருவிக்கு உங்கள் ஓடையில் எதற்கு வலை?

கேள்வி: தேன்கனிக்கோட்டை பக்கம் ராகிக் கொல்லை வைத்திருக்கிறேன். கொல்லையின் கீழ்க்கோடியில் ஓடை, அதில் மூங்கில் புதர். விடிவதற்கு முன்னும் பொழுது சாயும்போதும் அங்கே ஒரு குருவி பாடுகிறது. அப்படியொரு பாட்டை நான் கேட்டதில்லை. ஒருமுறைதான் நன்றாகப் பார்த்தேன். தலையும் மார்பும் கறுப்பு, வயிறு செங்கல் நிறம், வால் நீளம். செல்போன் செயலி ஒருநாள் குண்டுக்கரிச்சான் என்கிறது, மறுநாள் துடுப்புவால் கரிச்சான் என்கிறது. ஒருவர் வந்து, "இது வெளிநாட்டு ஜாதிங்க, எங்கிட்ட பேப்பர் இருக்கு. ரெண்டு நாள் ஓடையில வலை கட்டிக்கிறேன், ஜோடிக்கு ஆறாயிரம் தர்றேன்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை வருவாராம். இது என்ன குருவி? நான் சரி என்றால் வம்பு ஏதும் வருமா?

பதில்: வரும். அதை முதலில் சொல்லிவிட்டுக் குருவிக்கு வருகிறேன்.

நீங்கள் பார்த்தது சோலைபாடி, அதிலும் ஆண். கூண்டு வியாபாரிகள் ஷாமா என்பார்கள். உங்களுக்கு அடையாளம் இரண்டு போதும். இறக்கையைப் பாருங்கள்: வெள்ளைப் பட்டை இருந்தால் குண்டுக்கரிச்சான், இல்லையென்றால் சோலைபாடியாக இருக்கலாம். பிறகு அது பறந்து போகும்போது முதுகைப் பாருங்கள்: வால் தொடங்கும் இடத்தில் பளிச்சென்று வெள்ளை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். பாறையும் முள்ளுமான வெட்டவெளியில் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும் கருஞ்சிட்டை நம் பக்கத்தில் பலர் இதோடு குழப்புவார்கள். அதற்கு வாலின் அடியில் மட்டும்தான் சிவப்பு. அரசவால் ஈப்பிடிப்பானுக்கும் வால் நீளம், ஆனால் செம்பழுப்பு அதன் முதுகில் இருக்கும், வயிற்றில் இருக்காது. பெண் சோலைபாடிக்குக் கறுப்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல் கலந்த பழுப்பு, வாலும் குட்டை.

செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை. சோலைபாடி மற்ற பறவைகளின் குரலை எடுத்துத் தன் பாட்டில் கோத்துக்கொள்ளும். துடுப்புவால் கரிச்சானும் அதே வேலையைச் செய்கிற ஆள். திருடனும் திருடனும் ஒரே ஓடையில் இருந்தால் செல்போன் என்ன செய்யும்? பாட்டை விட்டுவிட்டு, மிரண்டால் அது போடும் "டக் டக்" என்ற வறண்ட சத்தத்தைக் கவனியுங்கள்.

இதன் சொந்த வீடு மழைக்காட்டின் இருட்டு. மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளில் தொடங்கி மலேசியா, இந்தோனேசியா வரை, அடர்ந்த மரங்களுக்குக் கீழே, தரையை ஒட்டிய புதர்களில் பூச்சி பொறுக்கி வாழ்கிறது. கிருஷ்ணகிரி வறண்ட மாவட்டம்தான். ஆனால் ஓடைப் பள்ளமும் மூங்கிலும் உதிர்ந்த சருகும் சேர்ந்த இடத்தில் அந்த இருட்டில் கொஞ்சம் கிடைத்துவிடுகிறது, அது போதும் அதற்கு. மரப்பொந்தில் கூடு கட்டும். ஓடையில் பட்டுப்போய் நிற்கும் பொந்து மரத்தை விறகுக்கு என்று சாய்த்துவிடாதீர்கள்.

இனி அந்த ஆளின் பேப்பருக்கு வருவோம். எனக்கு வரும் பத்துக் கடிதங்களில் ஒன்றிலாவது இந்தப் பேப்பர் இருக்கும்.

கூண்டில் வளர்க்கச் சட்டம் அனுமதிக்கும் பறவைகள் உண்டு. சந்தையில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கிறார்களே, அந்த ஆஸ்திரேலியச் சிறுகிளியும் காக்கட்டீலும் வெளிநாட்டுப் பறவைகள், பல தலைமுறையாகக் கூண்டிலேயே பிறப்பவை. அவற்றை வைத்துக்கொள்ளத் தடை இல்லை. பஞ்சவர்ணக்கிளி போல, வணிகத்துக்கு உலக அளவில் கட்டுப்பாடு உள்ள வெளிநாட்டு இனம் என்றால், 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். தரகர்கள் காட்டும் பேப்பர் பெரும்பாலும் இந்தப் பதிவின் அச்சுப் பிரதி, அல்லது அதன் நகலின் நகல். அது எந்தப் பறவைக்கு எடுத்ததோ, யார் கண்டது! பறவையையும் பேப்பரையும் இணைப்பது காலில் இருக்கும் வளையம். கூண்டில் பிறந்த குஞ்சுக்குச் சில நாட்களிலேயே வெட்டு இல்லாத முழு வளையத்தை மாட்டுவார்கள், கால் பெருத்த பிறகு அது உள்ளே போகாது. காட்டில் பிடித்த வளர்ந்த பறவைக்கு வெட்டிய வளையத்தை வளைத்து மாட்டி நெருக்கிவிடுகிறார்கள். நகத்தால் தடவிப் பார்த்தால் இணைப்பு தட்டும்.

இவ்வளவும் நான் விளக்கியது, நாளைக்கு வேறு ஒருவர் வேறு குருவியோடு வருவார் என்பதற்காக. உங்கள் விஷயத்தில் வளையம் பார்க்கும் அவசியமே இல்லை. அந்த ஆள் சொல்வதையே திருப்பிக் கேளுங்கள்: வெளிநாட்டுக் குருவி என்றால் உங்கள் ஓடையில் எதற்கு வலை? சோலைபாடி வெளிநாட்டிலும் இருக்கிறது என்பது உண்மை. அங்கே பாட்டுப் போட்டிக்காகப் பிடித்துப் பிடித்தே பல காடுகளைக் காலி செய்துவிட்டதால், 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த மாநாட்டில் இதைப் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். "பட்டியல்ல இருக்குங்க, அதனாலதான் பேப்பர்" என்று அதையும் இவர்கள் தங்களுக்குச் சாதகமாகத் திருப்புவார்கள். நம் காட்டில் வாழும் இனத்துக்கு நம் நாட்டுச் சட்டம்தான் முந்தும். காட்டுப் பறவையைப் பிடிப்பதற்கு யாரும் இவருக்குப் பேப்பர் தர முடியாது.

1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள் வலையும் கண்ணியும் அடக்கம். கூட்டைக் கலைப்பதும் முட்டையை எடுப்பதும்கூட அடக்கம். துப்பாக்கி தூக்கினால்தான் வேட்டை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூன்று ஆண்டு வரை சிறை, 2022-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். தெரிந்தே இடம் கொடுத்து உதவுகிறவருக்கும் அதே தண்டனை, அது தனிப் பிரிவாகவே இருக்கிறது. பிடிபட்டால் அந்த ஆள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். கொல்லைப் பட்டா உங்கள் பேரில் இருக்கிறது.

இன்னொன்று. "பாட்டைக் கொஞ்சம் போன்ல பதிவு பண்ணி அனுப்புங்க" என்று அவர் கேட்டிருந்தால் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் இனியாவது நிறுத்துங்கள். ஆண் சோலைபாடி தன் எல்லைக்குள் இன்னொரு ஆணின் பாட்டைக் கேட்டால் சண்டைக்கு வந்துவிடும். புதருக்குப் பின்னால் செல்போனை ஒலிக்கவிட்டு முன்னால் மெல்லிய நைலான் வலையைக் கட்டினால் நேராக வந்து விழும். இரை எதுவும் வைக்க வேண்டியதில்லை. படம் எடுக்கிறேன் என்று வருகிற கேமராக்காரர்களும் இதே பாட்டை ஒலிக்கவிட்டு, இல்லாத எதிரியைத் தேடி அதை மணிக்கணக்கில் அலைய விடுகிறார்கள். அவர்கள் வலை கட்டுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஊர்ப் பேரோடு அந்தப் பாட்டைப் போட வேண்டாம்.

கூண்டில் வைத்தால்தான் என்ன என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்கலாம். உலகத்தில் முதன்முதலாக ஒலிப்பதிவான பறவைப் பாட்டே ஒரு கூண்டுச் சோலைபாடியின் பாட்டுதான். 1889-ல் ஜெர்மனியில் லுட்விக் காக் என்ற சிறுவன், வீட்டில் வளர்ந்த சோலைபாடியை எடிசனின் மெழுகு உருளையில் பதிந்து வைத்தான். அந்த மோகம் அன்றைக்கே இருந்திருக்கிறது. ஆனால் இது தினையும் கம்பும் கொத்தித் தின்கிற ஜாதி கிடையாது. உயிருள்ள பூச்சி தினமும் வேண்டும், மறைய இருட்டு வேண்டும்.

புகார் கொடுப்பதைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன், சந்தை ஓரத்தில் ஒரு கூடை நிறையச் சில்லைகளோடு ஒருவரைப் பிடித்து, பக்கத்தில் இருந்த ஒரு அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். "இது எங்க எல்லை இல்ல சார்" என்றார்கள். அடுத்த இடத்தில், "சின்னக் குருவிக்கா இவ்வளவு?" என்றார்கள். மகஜர் எழுத ஆள் வருவதற்குள் பாதிக்குப் பாதி செத்துவிட்டன. இந்தப் பக்கம் யானை விரட்டவே ஆள் பற்றாது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் முப்பது கிராம் எடையுள்ள உயிருக்குச் சட்டத்தில் இருக்கிற இடம் மேஜையில் இல்லை.

அதனால் வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். உங்கள் பகுதிக்கான வனச்சரக அலுவலகத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே எழுத்து மூலம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு ராத்திரியில் யாராவது உங்களுக்குத் தெரியாமல் வலை கட்டினாலும் அந்த நகல் உங்களைக் காக்கும். அந்த ஆள் வந்தால் சண்டை போட வேண்டாம், தனியாகத் துரத்தவும் வேண்டாம். "கொடுக்கறதில்லைங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டு, வண்டி எண்ணைக் குறித்து அதே அலுவலகத்தில் கொடுங்கள். மறுநாள் விடியற்காலையில் ஓடையோரம் ஒரு நடை போய், மூங்கிலுக்கு நடுவே குறுக்காக மெல்லிய நூல் ஏதாவது தெரிகிறதா என்று சூரியன் எதிரே வரும்படி நின்று பாருங்கள். வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அந்த வலை கண்ணுக்குத் தெரியாது.